காட்டுக்கு முதலில் வேண்டியது களையெடுப்பு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்தை முன்னிட்டு நம் கோயில்களும் இளைஞர் மன்றங்களும் மரக்கன்று நட்டுவரும் செய்திகளைத் தங்கள் இதழில் படித்து மகிழ்கிறேன். அந்த ஆர்வத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் மொரீஷியஸ் காடுகளுக்கும் அவற்றை நம்பி வாழும் உயிர்களுக்கும் இன்று நடுவதைவிட அவசரமான வேலை களையெடுப்பதுதான் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெப்பம் ஏற ஏற, பெருநிலங்களில் உள்ள செடிகளும் பறவைகளும் சிறிது சிறிதாக மலையேறிக் குளிர்ந்த இடத்தைத் தேடிக்கொள்ள ஓரளவுக்கேனும் வழியுண்டு. இங்கே நம்முடைய மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடோ தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே இவ்வுயிர்கள் இருக்கும் இடத்திலேயே தாக்குப்பிடித்தாக வேண்டும்; அதற்கு அவற்றின் மீது நாம் ஏற்றிவைத்த மற்றச் சுமைகளையாவது இறக்கிவைப்பது நம் கடமை.

அச்சுமைகளுள் பெரியது சீனக் கொய்யா. குளிர்காலம் தொடங்கியதும் பிளேன் ஷாம்பாஞ் பக்கம் குடும்பத்தோடு போய், சிவந்த அந்தச் சிறு பழத்தைப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னாதவர்கள் நம்மில் அரிது. நானும் என் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன்தான். பிரேசிலிலிருந்து வந்த அச்செடி காட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகு, களையெடுக்கும் தொண்டர்களோடு ஒருநாள் போனபோதுதான் கண்டேன். வழுவழுப்பான மெல்லிய தண்டுகள் ஆள் நுழைய இடமின்றி நெருங்கி நின்றன. அடியில் வெயில் விழவில்லை. சருகைக் கையால் விலக்கிப் பார்த்தால் முளைத்திருந்தவை எல்லாம் கொய்யாக் கன்றுகளே. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதால், இளங்கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும் என்றார்கள். அரை நாளில் எங்களால் ஒரு சிறு துண்டு நிலத்தைத்தான் துப்புரவாக்க முடிந்தது. அந்த இடத்தின் ஓரத்தில், விரல் நீளமே இருந்த ஒரு கருங்காலிக் கன்று தனியே நின்றது. புயலில் பெருமரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் விழும்போது அந்த இடத்தைப் பிடிக்கப்போவது கருங்காலியா கொய்யாவா என்பது இத்தகைய அரை நாட்களில்தான் தீர்மானமாகிறது.

மொரீஷியஸ் வல்லூற்றின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1974இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே பறவைகள். முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தும், கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டும், கூடுகட்டப் பெட்டிகள் அமைத்தும் அதை மீட்டது நாட்டுக்கே பெருமை. ஆனால் இனப்பெருக்கக் காலத்தின் தொடக்கத்தில் மழை நாட்கள் கூடும்போது அது முட்டையிடுவது தள்ளிப்போகிறது என்றும், தாமதமாகப் பொரிக்கும் குஞ்சுகள் கோடையின் கனமழையில் அகப்பட்டு அழிவது மிகுகிறது என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மழையை நம்மால் தள்ளிவைக்க இயலாது. அப்பறவையின் முதன்மை இரையான பச்சைப் பல்லிகள் பெருகி வாழும் இயற்கைக் காட்டைக் காத்துக் கொடுக்க இயலும்.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். மரம் நடந்து போகாது. அதன் விதையைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் பழந்தின்னி வௌவால்தான் காடு பரவுவதற்குக் கால். லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கிறது என்பதற்காக 2015 முதல் அரசே அவ்வௌவால்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றது. 2018இல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. என் வீட்டு லிச்சி மரத்திலும் இழப்பு உண்டு. அதற்கு வலை போர்த்துகிறேன். தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் விழா எடுத்து நட்ட கன்றுகளை அதன் பின் எவரும் எட்டிப் பார்க்கவில்லை; அடுத்த ஆண்டு ஊன்றுகோல்கள் மட்டுமே எஞ்சின. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. எனவே கன்று நடும் மன்றங்கள் இத்தீவுக்கே உரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் கேட்டு வாங்கி, நட்டபின் மூன்று ஆண்டுகளாவது பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் காட்டின் களையெடுப்புக்கு ஒதுக்கவும் வேண்டும். அத்தகைய நாட்களின் அறிவிப்பைக் கோயில் விழா அறிவிப்புகளோடு சேர்த்துத் தங்கள் இதழில் வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கியூர்ப்பீப், மொரீஷியஸ்.