அப்பாவின் சிவப்பு ஐசி

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? பேத்திக்குக் காது குத்தியதாகத் தங்கச்சி சொன்னாள், சந்தோஷம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

இங்கே என் மகன் விஷயம்தான் மனதை அரிக்கிறது. அவனுக்கு வேலை போய்விட்டது. போனதுகூடப் பெரிதில்லை. தினமும் காலையில் வழக்கம்போல் கிளம்பி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறான். மருமகளுக்கே தெரியாது. வேலை இழந்தவர்களுக்கு 2018-லிருந்து சொக்சோவில், அதுதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், உதவித்தொகை இருக்கிறது, 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அதையும் போடவில்லை. ஏன்டா என்றால், "என்னைப் போயி நிக்கச் சொல்றீங்களாப்பா?" என்கிறான்.

தூக்கிவாரிப்போட்டது. அப்படியே எங்கப்பா பேச்சு. "ஆம்பளைன்னா எவன் முன்னாலயும் போயி நிக்கக்கூடாது." தோட்டத்தில் அதைக் கேட்டுக்கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணன் கை மெஷினில் நசுங்கியபோது, சொக்சோ பாரத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணிதான் அலைந்தார். தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்பதே அண்ணனுக்குப் பிச்சையாகத் தெரிந்தது. அவரைப் பார்த்து என் மகன் படித்துக்கொண்டான்.

ஆனால் அப்பாவுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. அம்மாவுக்கும் எங்களுக்கும் குடிமக்களின் நீலம். அவரும் இங்கேயே பிறந்தவர்தான், பிறப்புப் பத்திரம் இல்லை, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்டால் ஐசியை மேல்பையில் வைக்க மாட்டார். துணிக்குள்ளிருந்து சிவப்பு தெரியும். நாலாய் மடித்த கைக்குட்டைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். 1974 தேர்தல் அன்று அம்மா நல்ல சேலை கட்டி ஓட்டுப் போடக் கிளம்பினார். அப்பா விடியுமுன்னே தூண்டிலோடு ஆற்றுக்குப் போய்விட்டார். இருட்டிய பிறகு வெறுங்கையோடு வந்தவர், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். எங்கள் கண்ணுக்கு அது ஆம்பளைக் கோபம்.

1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் அமலுக்கு வந்ததே, அந்த வருஷம் ஒருநாள் பெரட்டில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், அவர் பெயரைக் கூப்பிடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைப் பார்க்கக் கப்பலேறினார்கள். உன் பெரியப்பா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனதும் அப்போதுதானே? அப்பா போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கொந்திராக்காரனிடம், அதாவது ஒப்பந்தக்காரனிடம், குறைந்த கூலிக்குச் சேர்ந்தார். அதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கே அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். இன்று என் மகன் செய்திருப்பதும் அதேதான்.

உங்கப்பாவுக்கும் சிவப்பு ஐசிதான். ஆனால் அவர் திரும்பத் திரும்ப மனுப் போட்டார். மலாயில் கேட்ட கேள்விக்குத் தான் உளறியதை லயத்து வாசலில் நடித்துக் காட்டுவார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார். கடைசியில் நீலம் வாங்கினார். நீங்கள் அண்ணன் தம்பி மூவரும் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் கடன் கேட்கிறீர்கள், அழுகிறீர்கள். ஒரே தோட்டம், ஒரே சட்டம், ஒரே நிறத்து அட்டை. எங்கள் வீட்டில் மட்டும் அந்த அவமானம் வாயே திறக்காமல் ஆண்பிள்ளைக்கு இலக்கணம் ஆகிவிட்டது. அப்பாவை நினைத்தால் இப்போது எனக்குக் கோபமே வரவில்லை. தனியாக எவ்வளவு சுமந்திருக்கிறார்!

மகனிடம் தாத்தாவின் ஐசி பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மனைவியிடம் தானே போய்ச் சொன்னான். திங்கட்கிழமை சொக்சோவுக்குப் போகிறோம், இன்னும் நாள் இருக்கிறது.

அதற்கு முன் சனிக்கிழமை ரயிலில் பட்டர்வொர்த் வந்து உன்னைப் பார்க்கிறேன் என்கிறான். அப்பா குடியுரிமைக்காக ஒரே ஒரு முறைதான் ஆபீசுக்குப் போனார். உங்கப்பாதான் கூடப் போனவர். உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு உங்கப்பா சொல்லியிருந்தால், என் மகனிடம் மறைக்காமல் சொல். எனக்கும் எழுது.

உன் நண்பன்