உடுவில் ஹாரியட்டைத் தேடும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

யாழ்ப்பாணத்து உடுவிலில் படித்த நீ இப்போது அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்துகொண்டு, நம் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் எந்த வீட்டுப் பிள்ளை என்று தேடப் போகிறேன் என்றாயே, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் வின்ஸ்லோ என்ற பெயரை விட்டுவிடு. அது கணவர் வீட்டுப் பெயர். அவர் பிறந்தது 1796இல், நீ இருக்கும் அதே மாநிலத்து நார்விச் ஊரில், லாத்ரோப் குடும்பத்தில். அமெரிக்கக் குடிசன மதிப்பும் கைகொடுக்காது, ஏனென்றால் 1850க்கு முன் வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள், மனைவியும் பெண்பிள்ளைகளும் வயதுக் கட்டத்துக்குள் வெறும் எண்ணிக்கையாகத்தான் நிற்பார்கள். அதனால் ஊர்ப் பதிவேட்டையும் தேவாலயப் பதிவையும் பார். கனெக்டிகட் ஊர்களின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு பார்பர் தொகுப்பு என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. லாத்ரோப் என்று தேடத் தொடங்கு.

1819 ஜனவரியில் அமெரிக்க மிஷனரி மைரன் வின்ஸ்லோவோடு கல்யாணம், ஜூனில் பாஸ்டனில் கப்பல். அடுத்த வருடம் யாழ்ப்பாணம். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பள்ளி. இதெல்லாம் உனக்கு மனப்பாடமாகவே தெரியும். எனக்கு மனம் கனப்பது வேறொன்றில். அந்த வருடங்களில் இலங்கை அரசு புதிதாக எந்த அமெரிக்க மிஷனரியையும் உள்ளே விடவில்லை. தடை நீங்கியது 1833இல். அதே வருடம் ஜனவரியில் ஹாரியட் இறந்துவிட்டார், வயது 36. அதன் பிறகுதான் அவருடைய தங்கைமார் மிஷன் வேலைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அக்காவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அவருடைய கடிதங்களும் நாட்குறிப்பும் 1835இல் புத்தகமாக வந்தன. தொகுத்தவர் கணவர், பின்னாளில் பெரிய தமிழ்-ஆங்கில அகராதி போட்ட அதே மைரன். நல்ல புத்தகம்தான், ஆனால் மனைவி எழுதியதில் எதை நாம் படிக்கலாம் என்று தீர்மானித்தது அவர் என்பதை நினைவில் வைத்துப் படி.

அப்புறம், சந்ததி. வின்ஸ்லோ என்றே தேடினால் இங்கேயும் தடம் அறுந்துபோகும். மகளுக்கும் ஹாரியட் என்றுதான் பெயர். சென்னையில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸை மணந்தார். அவர்களின் பேரன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். அவருடைய தம்பி ஆலன் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏயின் தலைவராக இருந்தார். உடுவில் அம்மையாருக்கு இவர்கள் கொள்ளுப்பேரன்கள்!

ஒரு உதவி கேட்கிறேன். அமெரிக்கன் மிஷனின் பழைய காகிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன, உனக்கு அது தூரமில்லை. ஒரு பிள்ளையின் படிப்புக்கு அமெரிக்காவிலிருந்து யார் பணம் அனுப்பினாரோ அவர் சொன்ன பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் அப்போது மிஷன் பள்ளிகளில் இருந்தது. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் இப்படித்தான் தாய் தகப்பன் வைத்த பெயரை இழந்தார்கள். ஹாரியட்டின் உறவுகளைத் தேடும்போது, அவரிடம் முதலில் படித்த பிள்ளைகளின் சொந்தப் பெயர்கள் எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் பார். கிடைத்தால் உடனே எனக்கு எழுது, அவர்கள் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று ஊரில் விசாரிக்க நான் தயார்.

அன்புடன்,
அக்கா