கல்விச் சபையின் கணக்கு பெற்றோர் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நகரின் அரச பாடசாலைகளை நடத்தும் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையை ஒன்ராறியோ மாகாண அரசு தனது நேரடி மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தமை பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியாகும் செய்திகளையும் வாசகர் கருத்துகளையும் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வீண்செலவு செய்தார்கள், அதனால் அதிகாரம் பறிபோனது என்ற அளவிலேயே எம்மவர் பலர் இந்த விடயத்தை முடித்துவிடுகிறார்கள். ஸ்காபரோவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு பெற்றோர் என்ற முறையிலும், எங்கள் பாடசாலையின் பெற்றோர் மன்றத்தில் பணியாற்றுபவர் என்ற முறையிலும் அதற்கு மேலும் சில விபரங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2025 ஜூன் 27ஆம் திகதி கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உட்பட நான்கு சபைகளுக்கு மேற்பார்வையாளர்களை நியமித்தார். ஒன்ராறியோவின் லண்டன் நகரை உள்ளடக்கிய தேம்ஸ் வாலி சபைக்கு அதே ஆண்டு ஏப்ரலிலேயே அந்த நிலை ஏற்பட்டிருந்தது. ரொறன்ரோவில் வாக்காளர்கள் தெரிவுசெய்த 22 உறுப்பினர்களிடம் இருந்த முடிவெடுக்கும் அதிகாரம் அன்றே அமைச்சருக்கு மட்டும் பதில் சொல்லும் ஒருவரின் கைக்குச் சென்றது. நவம்பரில் நிறைவேற்றப்பட்ட 33ஆம் இலக்கச் சட்டமூலம், இனி எந்தச் சபையையும் இவ்வாறு பொறுப்பேற்பதை அமைச்சருக்கு இன்னும் இலகுவாக்கியுள்ளது.

வீண்செலவு நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. பிரான்ட் ஹால்டிமண்ட் நோர்ஃபோக் கத்தோலிக்க சபையின் உறுப்பினர்கள் நால்வர் 2024இல் புதிய பாடசாலைகளுக்குக் கலைப்பொருட்கள் வாங்குவதற்கென இத்தாலிக்குப் போய்வந்தார்கள். பயணத்துக்குச் சுமார் 45,000 டொலரும், வாங்கிய பொருட்களுக்குச் சுமார் 100,000 டொலரும் பொதுப்பணத்திலிருந்து சென்றன. இதை எந்தப் பெற்றோரும் மன்னிக்க மாட்டார்கள். ஆனால் இதே மூச்சில் பேசப்படும் இன்னொரு சம்பவத்தைக் கவனியுங்கள். 2024 ஆகஸ்டில் ரொறன்ரோ பேஸ்போல் அரங்கத்தோடு இணைந்த ஹோட்டலில் தங்கிக் கூட்டம் நடத்திச் சுமார் 40,000 டொலர் செலவிட்ட தேம்ஸ் வாலிக்காரர்கள், மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் அல்லர். சம்பளம் பெறும் உயர் நிர்வாகிகள். நிர்வாகிகள் செய்த பிழைக்கு, நிர்வாகிகளைக் கேள்வி கேட்க வேண்டிய மன்றத்தையே மூடிவிடுவது எவ்வகைத் திருத்தம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பற்றாக்குறையின் வேர் இத்தகைய செலவுகளில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரொறன்ரோ சபையின் ஆண்டுப் பாதீடு மூன்றரை பில்லியன் டொலரைத் தாண்டியது. 1998 வரையில் கல்விச் சபைகள் தமக்குத் தேவையான பணத்தின் ஒரு பகுதியைத் தம் பிரதேசத்துச் சொத்துவரி மூலம் தாமே திரட்டிக்கொண்டன. அந்த ஆண்டில் அந்த அதிகாரத்தை மாகாண அரசு முழுமையாக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எவ்வளவு பணம் வரும் என்பதை மாகாண அரசின் இருப்பிடமான குவீன்ஸ் பார்க்கில் வகுக்கப்படும் ஒரு சூத்திரமே தீர்மானிக்கிறது. ஊழியரின் ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்புறுதிக்கும் சட்டப்படி சபை கட்ட வேண்டிய பங்கு உயரும்போது அந்த உயர்வு முழுவதையும் இந்தச் சூத்திரம் ஈடுசெய்வதில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்ட பாடசாலைகளை மூடவோ இணைக்கவோ 2017 முதல் மாகாணத் தடை இருக்கிறது. அதே வேளையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பாடசாலைகளில் மாணவர் இல்லாத வெற்றிடம் இருக்கிறதென்று சொல்லி, புதிய அடுக்குமாடிக் கட்டடங்களிடமிருந்து, பாடசாலைக் காணிகளுக்கெனப் பெறப்படும் கல்வி அபிவிருத்திக் கட்டணத்தை அறவிடும் உரிமையும் ரொறன்ரோ சபைக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. வெற்றிடத்தைக் குறைக்கவும் விடாமல், வெற்றிடம் இருப்பதால் வருமானமும் கிடையாது என்று சொன்னால் எந்தக் கணக்காளர் வந்து அமர்ந்தாலும் கணக்குச் சமப்படாது. சபை தன் காணி கட்டடங்களை விற்ற பணத்தில் பாதீட்டைச் சமன்செய்து வந்தது என்பது அமைச்சர் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று. அது நல்ல வழக்கமல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வேறு வாசல்களை அடைத்தவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்தக் கட்டடங்களில் செய்யாமல் விடப்பட்ட திருத்தவேலைகளின் பெறுமதி மட்டும் 4 பில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. 2002இல் ரொறன்ரோ உறுப்பினர்கள், மாகாணம் தரும் பணத்துக்குள் பிள்ளைகளின் தேவைகளை வெட்டிச் சுருக்க மறுத்து, சமநிலைப் பாதீட்டை நிறைவேற்றாமல் நின்றார்கள். அப்போதைய அரசு போல் கிறிஸ்டி என்பவரை மேற்பார்வையாளராக நியமித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதே அரசு நியமித்த மோர்டெகாய் றொசான்ஸ்கி தமது ஆய்வறிக்கையைச் சமர்ப்பித்தார். நிதிச் சூத்திரத்தில் உள்ள செலவு மதிப்பீடுகள் காலத்துக்கேற்பத் திருத்தப்படவில்லை என்றும், பாடசாலைகளுக்குச் சுமார் 1.8 பில்லியன் டொலர் மேலதிகமாகத் தேவை என்றும் அவ்வறிக்கை கூறியது. உறுப்பினர்கள் அதிகாரத்தை இழந்த அதே ஆண்டில் அவர்களது வாதத்தின் அடிப்படை சரியென்று அரசின் சொந்த ஆய்வே எழுதியது என்பதை இன்றைய விவாதத்தில் எவரும் நினைவூட்டுவதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது கொள்முதல் விடயம். ஒன்ராறியோவில் பொதுத்துறை நிறுவனங்கள் பொருட்களும் சேவைகளும் வாங்கும் முறைக்கு 2011 ஏப்ரல் முதல் ஒரு கட்டாய விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேற்பட்ட பெறுமதியான கொள்முதலுக்கு எவரும் பங்கேற்கக்கூடிய வகையில் பகிரங்கமாகக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும். பொருள் வேண்டுமென்று கோருதல், அதற்கான நிதியை உறுதிசெய்தல், ஒப்பந்தம் செய்தல், பொருளைப் பெற்றுக்கொள்ளுதல், பணம் செலுத்துதல் ஆகிய ஐந்து பொறுப்புகளும் ஒரே கையில் குவியக்கூடாது. குறைந்தது மூன்றேனும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் விதி பின்பற்றப்பட்டதா என்று வெளியில் நின்று கேட்க ஒருவர் இல்லாவிட்டால் அவை அலுவலகக் கோப்பிலேயே தங்கிவிடும். ரொறன்ரோ சபையில் பென்சில் சீவும் கருவி ஒன்றைச் சுவரில் பொருத்துவதற்கு 143 டொலரும், பாடசாலை முற்றத்தில் பெயர்ப்பலகை ஒன்றை நாட்டுவதற்கு 19,000 டொலரும் கணக்கெழுதப்பட்டமை 2012இல் அம்பலமானது. ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை வேலைப் பதிவுகளைப் பெற்று வெளியிட்டதால்தான் அது மக்களுக்குத் தெரிந்தது. அதன் பின்னர் அதைப் பற்றி ஒரு பகிரங்க மேசையில் கேள்வி கேட்க உறுப்பினர்களும் இருந்தார்கள்.

அந்த மேசை இப்போது இல்லை. அது இல்லாமற்போனால் என்ன குறையும் என்று கேட்பவர்களுக்கு பவர்ஸ்கூல் விவகாரத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பல சபைகள் மாணவர் விபரங்களைச் சேமிக்க விலைகொடுத்துப் பெற்ற இந்த மென்பொருளுக்குள் 2024 டிசம்பரில் ஊடுருவியவர்கள் பெருந்தொகையான தகவல்களைத் திருடிச் சென்றார்கள். ரொறன்ரோவில் 1985 செப்டெம்பர் வரை பின்நோக்கிய பதிவுகளும் அதில் அகப்பட்டன. 1983க்குப் பின்னர் அகதிகளாக வந்து இந்நகரப் பாடசாலைகளில் சேர்ந்த எமது முதலாவது தலைமுறைப் பிள்ளைகளின் விபரங்களும் அந்தக் காலப்பகுதிக்குள்தான் வருகின்றன. ஒன்ராறியோவின் தகவல், தனியுரிமை ஆணையாளர் 2025 நவம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் தேவையான பாதுகாப்பு நிபந்தனைகள் போதியளவு சேர்க்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது. இது முழுக்க முழுக்க ஒரு கொள்முதல் குறைபாடு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, பழைய பதிவுகளை எப்போது அழிப்பார்கள், அடுத்த முறை யாரிடம் வாங்கப்போகிறார்கள் என்ற கேள்விகளைத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுப்பினால் நிர்வாகம் பதிவில் இடம்பெறும்படி பதிலளித்தாக வேண்டும். பெற்றோர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டால் அவருக்குக் கிடைப்பது, மின்னஞ்சல் கிடைத்தது என்ற பதில் மட்டுமே.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. கனடிய அரசியலில் எமது சமூகம் முதலில் காலூன்றிய இடங்களில் கல்விச் சபையும் ஒன்று. நீதன் சான் 2006இல் யோர்க் பிராந்திய சபைக்குத் தெரிவானார். பின்னர் ரொறன்ரோ சபையின் தலைவராக அவர் இருந்த காலத்தில்தான் இந்த மேற்பார்வை அறிவிக்கப்பட்டது. இன்று நாடாளுமன்றத்தில் இருக்கும் யுவனிதா நாதனும் யோர்க் சபையில் பணியாற்றியவர். ஆங்கிலம் சரளமாகப் பேசாத தாய் ஒருவர் தன் பிள்ளையின் விசேட கல்வி பற்றித் தொலைபேசியில் தமிழிலேயே முறையிட ஒருவர் இருந்தார் என்பது சிறிய விடயமல்ல. உறுப்பினர் பதவிகளையே இல்லாதொழிப்பது பற்றியும் ஆலோசிப்பதாக அமைச்சர் வெளிப்படையாகக் கூறியிருக்கும் நிலையில், எமது சமூக அமைப்புகள் இதுபற்றி மௌனமாக இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்கள் மேடைகளில் பேச வரும் மாகாண சபை உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

மேற்பார்வை நாளையே நீங்கிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது நீடிக்கும் வரையிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. அடுத்த கல்வியாண்டுக்கான பாதீடு முடிவாகும் முன்னர் அதன் வரைவை வெளியிட்டு, ஸ்காபரோ உட்பட நகரின் ஒவ்வொரு பகுதியிலும் பகிரங்கக் கூட்டம் நடத்தி, எந்தச் செலவு எதற்காகக் குறைக்கப்படுகிறது என்பதை மேற்பார்வையாளர் நேரில் வந்து விளக்க வேண்டும். 100,000 டொலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பெற்ற நிறுவனத்தின் பெயர், தொகை, போட்டியிட்டவர்களின் எண்ணிக்கை ஆகியவை மாதந்தோறும் இணையத்தளத்தில் வெளியாக வேண்டும். காணியோ கட்டடமோ விற்கப்படுவதற்கு முன்னர் அப்பகுதிப் பெற்றோர் மன்றங்களுக்கு எழுத்தில் அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சரின் ஓர் அறிவுறுத்தல் போதும். தங்கள் பத்திரிகையும் பாதீடு பற்றிய அறிவித்தல்களைத் தமிழில் முன்கூட்டியே வெளியிட்டு, இக்கேள்விகளுக்கான அமைச்சின் பதிலைக் கேட்டுப் பிரசுரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றோர் மன்ற உறுப்பினர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ