தறிச் சத்தம் நின்றால்

ஐயா,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் ஆன்மிக இணைப்பில், பெற்றவரை மன்னிக்காதவர் எந்தக் கோயிலுக்குப் போயும் பலனில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து இரண்டு நாளாகத் தையல் வேலை ஓடவில்லை.

எனக்கு வயது 55. ஊர் செல்லூர். அப்பா கைத்தறி நெசவாளி, வீட்டுக்குள்ளேயே குழித்தறி, தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்வது. தறிச் சத்தம் கேட்கும்வரை எங்களுக்கு நிம்மதி. நின்றால், குடிக்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். திரும்பி வந்தால் கையில் கிடைத்ததெல்லாம் பறக்கும். ஒருநாள் நாடா பறந்தது. இடுப்பில் கட்டும் நாடா இல்லை. ஊடைநூலைச் சுமந்து ஓடும், இரு முனையிலும் இரும்புப் பூண் போட்ட கட்டை. அம்மாவின் புருவம் கிழிந்தது. எட்டு வயதுப் பிள்ளை நான், தறிக்குழிக்குள் மிதிகட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். ரத்தம் தறியில் விரித்திருந்த பாவு நூலில் சொட்டியதைக் கீழேயிருந்து பார்த்தேன். துணி கறையாகிவிட்டதென்று அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி வந்த பிறகும், கரண்ட் போய் ஃபேன் நின்றால் போதும், உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் மகள் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்தக் குழியைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான்.

அந்த வருடமே அப்பா பக்கவாதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். 'பெத்த தகப்பன், மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு' என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். சொன்னேன். பச்சைப் பொய்.

எங்கள் ஆப்புடையார் கோயில் கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். சிவபூசை முடிக்காமல் சாப்பிடாத பாண்டியனுக்காக, மந்திரி தரையில் ஓர் ஆப்பை அடித்து லிங்கம் என்று சொல்லிவிட்டான். ராஜாவும் நம்பிக் கும்பிட்டான். கடைசியில் அந்த ஆப்பிலேயே சாமி வந்தது. என் பொய்யையும் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அங்கேதான் கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தவில்லை.

ஒரு ராத்திரி அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஃபேன் நின்றது. 'கரண்டு போச்சா?' என்று குழறினார். 'ஆமாப்பா' என்றேன். அப்பா என்று கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று என்று பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அவர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்ப்பதையும் விட்டிருந்தேன்.

அம்மா மன்னிக்கவே இல்லை. ஆனாலும் சித்திரை தவறாமல் சர்க்கரைச் செம்போடு ஆற்றில் அழகரை எதிர்கொண்டு நின்றாள். அழகர் அவளைத் தள்ளிவைத்ததாகத் தெரியவில்லை. கட்டுரை எழுதியவர்தான் தள்ளிவைக்கிறார்.

இன்னொரு விஷயம். 14416 என்று இலவச மனநல உதவி எண் இருக்கிறது. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அடுத்த இணைப்பில் ராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடமிருந்தால் அதைப் போடுங்கள்.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, செல்லூர், மதுரை.