நிலாவைக் கேட்ட வாசகர்

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் தையில் காது குத்து என்று எழுதியிருந்தாய், கட்டாயம் வருகிறோம். இங்கே முழங்கால் மட்டும்தான் முணுமுணுக்கிறது, மற்றபடி நலம்.

புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதே, அதை வைத்து நான் எழுதிய தனுஷ்கோடிக் கதைக்கு வந்த கடிதங்களைக் கேட்டிருந்தாய். கதாநாயகி செல்லம்மா எதற்கு மண்டபத்தில் இறங்கி ரயிலுக்கு நிற்கிறாள், பஸ்ஸிலேயே ராமேஸ்வரம் போயிருக்கலாமே என்கிறார் ஒருவர். கதை 1964-இல் நடக்கிறது. பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-இல். இரண்டு வரியில் பதில் போட்டேன்.

இன்னொருவர் பஞ்சாங்கத்தோடு வந்தார். டிசம்பர் 22 ராத்திரியைக் கும்மிருட்டு என்கிறீர்களே, 19-ஆம் தேதிதானே பௌர்ணமி, பத்து மணிக்கெல்லாம் நிலா மேலே வந்திருக்குமே என்று. கணக்கு சரிதான். ஆனால் புயல் ராத்திரியில் மேகத்துக்கு மேலே நிலா இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன? வரியை மாற்றப் போவதில்லை. ஆனாலும் இப்படி ஊருக்கு ஒரு வாசகர் இருந்தால் எழுதுகிறவன் ஒழுங்காக எழுதுவான்.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு, வண்டி எண் 653-ஐயும் இறந்தவர் கணக்கையும் விட்டுவிட்டேன் என்று கோபம். நூற்றுக்கு மேல் என்பது எனக்குத் தெரியும். செல்லம்மாவுக்குத் தெரியாதே! அவளுக்கு அது புருஷன் ஏறிப்போன பாசஞ்சர், அவ்வளவுதான். அவள் வாயில் எண் வந்தால் பேப்பர் வாசனை அடிக்கும்.

பெட்டிக்குள் நடந்த கடைசி நிமிஷங்களை எழுதியிருக்கலாம் என்கிறாய். நீ மட்டுமல்ல, பலரும் சொல்கிறார்கள். இதில் நான் மசிவதாக இல்லை. உள்ளே இருந்தவர் ஒருவரும் திரும்பவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை, டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார் என்பதுவரை ஊர் பேசியது. அதற்கப்பால் யார் யாரைக் கூப்பிட்டு அலறினார்கள் என்று எழுதினால் அது என் ஜம்பம். கற்பனை பண்ணத்தானே கதை என்பாய். செல்லம்மாவை முழுக்கக் கற்பனையில்தான் பண்ணினேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. அந்த வண்டியில் போனவர்களின் பிள்ளை பேரன்கள் இன்றைக்கும் எங்கோ இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கடிதம் போட்டால் நிலாக்காரருக்கு எழுதியது மாதிரி பதில் எழுத முடியுமா?

புத்தகமாக வரும்போது ஓர் இடத்தை விரிக்க ஆசை. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்களே, அந்தக் காலம். உன் சித்தப்பா அப்போது பாம்பனில் கருவாட்டு வியாபாரம் பார்த்தாரே, ரயில் இல்லாமல் சரக்கு எப்படி அக்கரை போயிற்று, தோணியிலா? கேட்டு எழுது. அவருக்குக் காது மந்தமென்றால் காது குத்துக்கு வரும்போது நானே சத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமு