காவடிக்குச் செருப்புப் போட்ட கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வந்த புற்றுநோய்க் கட்டுரையைப் படித்தேன். அதில் நோயை வென்று மீண்டவர்கள் இருந்தார்கள், போய்ச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். நான் எந்தப் பக்கமும் சேர்த்தி இல்லை. 2016 முதல் எனக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கணக்கில்லாமல் பெருகி, எலும்பை அரித்து, ரத்தத்தைக் குறைத்து, சிறுநீரகத்திலும் கை வைக்கிற நோய். அடக்கி வைக்கலாம், வேரோடு பிடுங்குவது அரிது. எங்கள் மொரீசியஸில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களிடம் யாரும் "எப்போது முடியும்?" என்று கேட்பதில்லை. என்னிடம் கேட்கிறார்கள்.

முதலில் முதுகுவலியாகத்தான் வந்தது. முப்பது வருடம் கரும்பலகை முன் நின்ற தமிழ் ஆசிரியைக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்று எட்டு மாதம் தைலம் தேய்த்தேன், கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்கினேன். இந்த நோய்க்காரர்களின் சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரைகள் ஆகவே ஆகாது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் உள்பாவாடை தரையைக் கூட்டியது. துணி நீளுமா? நான்தான் குள்ளமாகியிருந்தேன். முதுகெலும்பில் இரண்டு கட்டை நொறுங்கி இறங்கிவிட்டன. ஹீமோகுளோபின் 7.8.

அப்புறம் வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலில், நோயை அடக்கும் போர்டெசோமிப் என்ற மருந்து ஊசி. 2017-இல் சென்னைக்கு வந்து, ரத்தத்தை உண்டாக்கும் என் ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு, மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் ஏற்றி மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, எடுத்ததைத் திரும்பச் செலுத்தினார்கள். மொட்டைத் தலையோடு நான் "தண்ணீர் அருந்தலாமா?" என்று கேட்டால் நர்ஸ் பெண்கள் சிரிப்பார்கள். நான் கற்றதும் கற்பித்ததும் பாடப்புத்தகத் தமிழ், என்ன செய்வது! அந்தச் சிகிச்சையில் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் கரைந்துவிடும் என்பதால், ஊர் திரும்பிய பிறகு அறுபது வயதில் கைக்குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து மறுபடி போட்டுக்கொண்டேன். என் முறை வந்ததும் "குழந்தை எங்கே?" என்று கேட்டார்கள்.

இப்போது லெனலிடோமைடு காப்ஸ்யூல். இருபத்தொரு நாள் விழுங்கி ஏழு நாள் நிறுத்த வேண்டும். இது தாலிடோமைடு வம்சம். கர்ப்பிணிகளுக்கு மசக்கைக்குக் கொடுத்து, குழந்தைகள் கை கால் ஊனமாகப் பிறந்ததால் 1961-இல் திரும்பப் பெறப்பட்ட அதே தாலிடோமைடுதான். 1999-இல் அது மைலோமாவுக்குக் கேட்கிறது என்று கண்டுபிடித்தார்கள். என் மகள் கர்ப்பமாக இருந்தபோது அந்த டப்பாவை நான் பூட்டி வைத்தேன். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட விடவில்லையே என்று அவளுக்குக் கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்டெசோமிப் என் பாதங்களில் மரமரப்பை விட்டுப் போனது. முருகனுக்காக மற்றவர்கள் கன்னத்தில் வேல் குத்திக்கொள்கிறார்கள். எனக்கு வேண்டுதல் இல்லாமலே பாதம் முழுக்க ஊசி. அதோடு சூடும் தெரியாது. எங்களுக்குத் தைப்பூசம் கடும் கோடையில் வரும். சிகிச்சை முடிந்து வந்த முதல் காவடிக்கு, ஆசையில், தார் ரோட்டில் வெறுங்காலோடு கோயில் வரை நடந்தேன். வீட்டில் கால் கழுவும்போதுதான் கொப்புளங்களைப் பார்த்தேன். ஆற ஏழு வாரம். அடுத்த ஆண்டு செருப்போடு ஊர்வலத்தில் நடந்தேன். என்னிடம் அ, ஆ படித்த பெண்ணே வந்து, "டீச்சர், காவடிக்குச் செருப்பா?" என்றாள். முருகனிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

செருப்பைக்கூட மறந்துவிடுவேன். காவடி நாளில் வாழை இலையில் பரிமாறும் ஏழு கறிக்குக் காய் நறுக்கும் கூட்டத்தில் நான் பதினெட்டு வருடம் இருந்தவள். நோய் என்றதும் என் பெயரை எடுத்துவிட்டார்கள். "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றார்கள். இரக்கம்தான், தெரியும். இரண்டு வருடம் கழித்து முடி வளர்ந்து, முகம் தேறியதும், "உங்களுக்குத்தான் குணமாகிவிட்டதே" என்று அண்டாவின் ஒரு காதைப் பிடிக்கச் சொன்னார்கள்! நொறுங்கிய முதுகோடு நான் அண்டா தூக்க முடியாது. ஆனால் உட்கார்ந்து பலாக்காய் நறுக்க முடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் இருக்க முடியும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. 2021-இல், அந்தப் பிளாஸ்மா செல்கள் சுரக்கிற புரதம் ரத்தத்தில் மறுபடி ஏறியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை, மறுபடி பெயரை எடுத்துவிடுவார்கள் என்று.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது, மாதம் தவறாமல் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வரும் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற நாள்களில் சமைத்து, சண்டை போட்டு, பேரனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் எங்களையும் ஒரு பத்தியில் சேருங்கள். எங்கள் கோயில் கமிட்டிக்காரர்களும் உங்கள் பத்திரிகையைக் கணினியில் படிக்கிறார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், அச்சில் வந்தால் கேட்பார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. புதன்கிழமை எனக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாள்; அன்று இரவு தூக்கம் கிட்டே வராது. இப்போது மணி இரண்டேகால். அலமாரி துடைத்தாயிற்று, நாளைக்கு பீன்ஸ் நறுக்கியாயிற்று, அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளுங்கள், செருப்புக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர்,
காத்ர் போர்ன், மொரீசியஸ்