லாடம் கழற்றுவது பாதி வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் சிலர், குதிரையை லாடமில்லாமல் வெறுங்காலில் விடலாம் என்று செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு லாடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். பத்து நாளில் குதிரை காலை ஊன்றத் தயங்குகிறது. உடனே, 'நம்ம ஊரு கல்லுக்கு இது ஆகாதுங்க' என்று மறுபடி ஆணி அடிக்கிறார்கள். கல்லின் மேல் பழி போடுமுன் குளம்பைச் சீவிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

கழற்றுவதிலேயே தவறு தொடங்குகிறது. குளம்புச் சுவருக்கு, அதாவது குளம்பின் கெட்டியான வெளி ஓட்டுக்கு, வெளியே மடங்கியிருக்கும் ஆணி நுனிகளை அரத்தால் தேய்த்துவிடாமல் லாடத்தை இழுத்தால், அந்தச் சுவரும் பிய்ந்துகொண்டு வரும்.

அடுத்தது அடிப்பாதம். வெள்ளையாகப் பளிச்சிடும் வரை கத்தி போட்டால்தான் வேலை சுத்தம் என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். லாடம் இருக்கும்வரை அந்தக் கெடுதல் வெளியே தெரியாது. வெறுங்காலில் நடக்கவேண்டிய குதிரைக்கு அடிப்பாதத்தின் தடிமன்தான் செருப்பு. தானாகப் பொடிந்து உதிர்வதை மட்டும் சுரண்டினால் போதும். கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினால், அளவுக்கு மீறிச் சீவியாகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் ஆப்பு வடிவில் ரப்பர் போல இருக்கும் மெத்தையிலும் தொங்கும் பிசிறுகளைத் தவிர எதையும் வெட்டக் கூடாது. காலடியின் அதிர்ச்சியைத் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு.

வெட்டவேண்டியது முன்நுனியை. அதையோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீண்ட நுனி ஒவ்வொரு அடியிலும் நெம்புகோல் போலச் சுவரை உள்ளிருந்து பிரிக்கும். அடியில் சுவரும் பாதமும் சேரும் இடத்தில் தெரியும் வெள்ளைக் கோடு அகலும், அதற்குள் மண்ணும் பொடிக்கல்லும் புகும், பிறகு சுவர் வெடிக்கும். எனவே சுவரின் வெளிவிளிம்பை அரத்தால் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் உருட்டிவிட வேண்டும். குதிகால் பக்கம் இரண்டும் ஒரே உயரத்தில், அடிப்பாதத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கலாக நிற்கட்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் குளம்புக்கு மேலுள்ள கணுவின் சரிவும் குளம்பின் சரிவும் ஒரே கோட்டில் வரவேண்டும். நுனி மிகவும் நீண்டிருந்தால் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாகக் குறைப்பது நல்லது.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வளரும். மேலே முளைப்பது முன்நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் பிடிக்கும். பழைய ஆணி ஓட்டைகள் முழுதாக இறங்கும்வரை பொறுமை வேண்டும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அரம் போட வேண்டும். முதல் சில வாரம் செம்மண் தரையில் 10, 15 நிமிட நடை போதும். ஜல்லி ரோடு வேண்டாம். தினமும் தார் ரோட்டில் வண்டி இழுக்கும் குதிரைக்கு, வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிவிடும். அதற்கு லாடமே இருக்கட்டும். இதில் வறட்டுப் பிடிவாதம் கூடாது.

தீவனத்தைக் கவனிக்காமல் குளம்பை மட்டும் சீவிப் பயனில்லை. நம் மாவட்டத்தில் சீசனில் உதிரும் மாம்பழத்தைக் கூடையாகக் கொட்டுவதும், வெல்லமும் சோறும் அள்ளிக் கொடுப்பதும் குளம்பின் உள்சதையை வீங்கவைக்கும். குளம்பு தொட்டால் சூடாக இருந்து, முன்காலை முன்னே நீட்டிப் பின்காலில் பாரம் போட்டு நின்றால், அரத்தைத் தொடாமல் மருத்துவரை அழையுங்கள். மூத்திர ஈரத்தில் நின்று மெத்தையின் பள்ளத்தில் கறுப்பாக நாற்றமடித்தால், கழுவித் துடைத்து, பொவிடோன் அயோடின் நனைத்த பஞ்சைச் சில நாள் வைக்கலாம். கொட்டகைத் தரை காயாவிட்டால் அது திரும்ப வரும். ஆணியோ முள்ளோ ஏறிய காலுக்கு ரணஜன்னி ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் லாடம் அடிப்பவர்களுக்கு அரம் பிடிக்கும் முறையைச் சொல்லித்தர ஆளில்லை. கால்நடை பராமரிப்புத் துறை அங்கே வருடத்துக்கு இரண்டு தடவையாவது மூன்று நாள் செய்முறைப் பயிற்சி நடத்த வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு பகுதி லாடக்காரர்களுக்கு நாள் கூலியோடு ஆளுக்கு ஒரு அரமும் குளம்புக் கத்தியும் கொடுத்தால் வருவார்கள்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர்கள்,
மத்திகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.